கட் லிஸ்ட் நம் விருப்பப்படி வருமா?

கேள்வி: பிரீமியர் எடிட்டிங் மென்பொருளிலிருந்து ஃபைனல் கட் எக்ஸ்எம்எல் (எடிட்டின் விவரங்கள் எழுத்தாக உள்ள ஃபைல்) எடுத்து, அதை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் வழியாக, படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் கலரிஸ்ட்டுக்கு ஷாட்களின் அட்டவணை (கட் லிஸ்ட்) தயாரிக்கிறேன். சில ஷாட்களுக்கு சோர்ஸ் டைம்கோடு (மூல ஃபைலில் அந்த ஷாட் தொடங்கும் நேரம்) தப்பாக வருகிறது. சிலவற்றில் ஸ்டார்ட் அல்லது எண்ட் எண் –1 என்று இருக்கிறது. ஏன்?
– உதவி எடிட்டர் ஒருவர்

பதில்: டைம்கோடு தப்பாக வருவதுதான் அதிகம் படுத்தும். ஒரே ஃபைல் பல இடங்களில் வந்தால், அதன் டைம்கோடு, ஃபைல் இருக்கும் இடம் (பாத்) எல்லாம் முதல் முறை மட்டுமே முழுதாக எழுதப்படும். அடுத்தடுத்த கிளிப்களில் வெறும் ஐடிதான் இருக்கும். எனவே ஸ்டைல்ஷீட்டின் தலைப்பகுதியிலேயே ஃபைல் ஐடிக்கு ஒரு கீ (ஐடியை வைத்துத் தேட உதவும் குறியீடு) அமைத்து, அதன் வழியாக முழு விவரத்தைத் தேடி எடுங்கள். அந்த ஃபைலின் தொடக்க ஃபிரேமோடு கிளிப்பின் இன் பாயிண்ட்டை (ஃபைலில் கிளிப் தொடங்கும் ஃபிரேம்) கூட்டினால் சோர்ஸ் டைம்கோடு சரியாக வரும்.

–1 என்பது பிழையல்ல. கிளிப்பின் அந்த முனையில் டிசால்வ் (ஒரு ஷாட் மங்கி அடுத்ததில் கலப்பது) போன்ற டிரான்ஸிஷன் இருக்கிறது என்று பொருள். பக்கத்திலுள்ள டிரான்ஸிஷனின் ஸ்டார்ட், எண்ட் எண்களைப் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

ரெக்கார்டு டைம்கோடுக்கு (எடிட் செய்த டைம்லைனில் ஷாட் வரும் நேரம்), கிளிப்பின் ஸ்டார்ட் எண்ணோடு சீக்வென்ஸின் (டைம்லைனின்) தொடக்கத்தைக் கூட்ட மறக்காதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேமில், தொடக்கம் 1 மணி என்றால் 86,400 ஃபிரேம். ஸ்டார்ட் 1,000 என்றால் மொத்தம் 87,400, அதாவது 01:00:41:16.

ஷாட்களை ஸ்டார்ட் எண்படி வரிசைப்படுத்தும்போது தரவு வகையை 'எண்' என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் 1000 என்பது 200-க்கு முன்னால் வந்து நிற்கும்.

எக்ஸ்எம்எல்லை அட்டவணையாக மாற்றுவதற்கு பிரவுசரை நம்ப வேண்டாம். கணினியிலுள்ள ஃபைலை நேரடியாகத் திறந்தால் குரோம் ஸ்டைல்ஷீட்டைத் தடுத்துவிடும். டெர்மினலில் எக்ஸ்எஸ்எல்டிபிராக் (xsltproc) கட்டளையில் ஓட்டுங்கள்.