கேளுங்க, சொல்றேன்

கே: போன நாவல் வந்து ரொம்ப நாளாச்சே, அடுத்தது எப்போ? (வாசகர், திண்டுக்கல்)

ப: பொங்கலுக்கு அப்புறம்னு பதிப்பாளர்கிட்ட சொல்லியிருக்கேன். எந்தப் பொங்கல்னு அவரும் கேட்கலை.

கே: எழுதாதப்போ பொழுது எப்படிப் போகுது சார்? (வாசகி, கும்பகோணம்)

ப: பீச்-தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல சும்மா போயிட்டு வருவேன். 1931லேருந்து கரண்ட்ல ஓடற லைன், இன்னைக்கும் சமோசா, கடலை, பாட்டு எல்லாம் பெட்டிக்குள்ளேயே வரும். போன வாரம் மாம்பலத்துல ரெண்டு அம்மாங்க ஏறினாங்க, சீட்டுப் பணம் பத்திப் பேச்சு, "அவ நல்லவதான்க்கா, கொடுக்கும்போதுதான் அவளுக்கு ஞாபகம் போயிடும்"னு ஒருத்தங்க சொல்ல, இன்னொருத்தங்க சிரிக்கவே இல்ல, பர்ஸைத் தொறந்து தொறந்து மூடிட்டே கிண்டியில இறங்கிட்டாங்க. பணம் யாருதுன்னு புரிஞ்சுதா? உட்கார்ந்து யோசிச்சா எனக்கு இந்த மாதிரி வராது. 2015ல மெட்ரோ வந்துது, ஏசி, சுத்தம், குறையே சொல்ல முடியாது, ஆனா எல்லார் காதுலயும் இயர்போன், அடுத்த ஸ்டேஷன் பேரைச் சொல்ற ரெக்கார்டிங் மட்டும்தான் பேசுது. முட்டி வலிக்கற அன்னைக்கு மெட்ரோ, மத்த நாள் எலெக்ட்ரிக்.

கே: உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பத்திப் பெரியவங்க ஏன் இப்படி உருகறாங்க? அப்படி என்னதான் இருந்துது? (கல்லூரி மாணவர், சென்னை)

ப: காபி இருந்துது, அதைவிட முக்கியம், குடிச்சப்புறம் யாரும் எழுப்ப மாட்டாங்க. 1962லேருந்து கதீட்ரல் ரோட்ல, பெரிய பெரிய மரத்தடியில. கார் வச்சிருந்தவங்களுக்குக் காருக்கே ட்ரே வரும், நம்மள மாதிரி ஆளுங்க உள்ள போய் உட்கார்ந்துக்கலாம். ஒரு டேபிள்ல சினிமாக் கதை டிஸ்கஷன், பக்கத்துல எல்ஐசி ஏஜென்ட் ஒரு மாப்பிள்ளையைப் பிடிச்சு வச்சிருப்பார், அதுக்கும் பக்கத்துல ஜாதகம் மாத்திக்கறாங்க, நடுவுல நாம ஒத்தைக் காபியோட காதைத் தீட்டிட்டு! 2008ல மூடிட்டாங்க, 2010ல அதே இடத்துல செம்மொழிப் பூங்கா. பூங்கா அழகாத்தான் இருக்கு, ஆனா டிக்கெட் வாங்கிட்டு நடக்கப் போறவங்க யாரும் அங்க நின்னு கடன் விஷயம் பேசறதில்ல.

கே: ஏஐ நாவல் எழுதினா உங்க பொழப்பு? (வாசகர், ஈரோடு)

ப: ராயல்டி ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்க, அதுவே ஓடிடும்.

கே: உங்க புக்ல கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்புவீங்களா? (வாசகி, தென்காசி)

ப: ஆசைதான்மா. ஆனா பதிவுப் புத்தகத் தபாலை 2024 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க, இப்போ கூரியர், ஸ்பீட் போஸ்ட்டுன்னு போனா சின்ன புக்குக்கு அனுப்பற செலவு உறுத்துது. சின்னப் பதிப்பகங்களுக்குத்தான் செம அடி. புக்கடையே இல்லாத ஊர்க்காரங்கதான் தபால்ல வாங்கிட்டிருந்தாங்க, அவங்க கணக்கு யார் கண்ணுலயும் படலை போல. ஜனவரியில நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல புத்தகக் காட்சி நடக்கறப்போ சென்னை வந்தா அங்க பாருங்க, கையெழுத்து ஃப்ரீ, பஜ்ஜி உங்க செலவு.