உறுதி நனைந்தால் காணி போய்விடாது

திருகோணமலை மாவட்டத்தின் வெருகல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆறு பெருகி வீட்டுக்குள் வந்தபோது அலுமாரியில் இருந்த காணி உறுதி சேற்றில் ஊறிவிட்டதாம். தரகர் ஒருவர் வந்து, "நாற்பதாயிரம் தாருங்கள், புது உறுதி முடித்துத் தருகிறேன், இல்லாவிட்டால் காணி அரசாங்கத்துக்குப் போய்விடும்" என்கிறாராம்.

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது உங்களுக்கு ஒன்று, அவரிடம் ஒன்று, காணிப் பதிவகத்துக்கு ஒன்று என்று எழுதப்படுகிறது. வெள்ளத்தில் போனது உங்கள் கையில் இருந்தது மட்டும்தான். திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து, குறிப்பிட்ட கட்டணம் கட்டினால் சான்றுப்படுத்திய பிரதி கிடைக்கும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பதிவேட்டைத் தேட வேண்டும். "இலக்கம் இல்லையா? போய்க் கொண்டு வாருங்கள்" என்று வெள்ளத்தில் எல்லாம் இழந்தவரை பஸ் ஏற்றித் திருப்பி அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த அலைச்சலில்தான் தரகர் பிழைக்கிறார்.

நனைந்த உறுதியை எறிந்துவிடாதீர்கள். இலக்கம் அதில்தான் இருக்கிறது. வெயிலில் போடாமல், இஸ்திரிக்கை போடாமல், பழைய பருத்திச் சீலைக்கு நடுவில் வைத்து நிழலில் காயவிடுங்கள். ஈரம் ஏறியதும் சீலையை மாற்றுங்கள். ஒட்டிய பக்கங்களை நகத்தால் பிரிக்க வேண்டாம். என்னிடம் வந்த ஓர் உறுதியில் நொத்தாரிசின் கையெழுத்து அப்படியே உரிந்து, எதிர்ப்பக்கத்தில் இடம்வலம் மாறி ஒட்டியிருந்தது.

ஒன்றை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். உங்களிடம் இருந்தது உறுதிதானா, அல்லது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரமா? ஆற்றோரக் குடியேற்றங்களில் பலரிடம் இருப்பது பத்திரம்தான். ஆனால் பேச்சில் எல்லாவற்றையும் உறுதி என்றே சொல்கிறோம். பத்திரம் என்றால் காணிப் பதிவகத்துக்கு அலைய வேண்டாம். அதன் விவரம் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருக்கும். கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே போங்கள். உங்களுக்குப் பின் காணி சேர வேண்டிய பின்னுரித்தாளராக யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் அந்தக் காணிக்குத் தரகர் முடித்துத் தரும் 'உறுதி' வெறும் காகிதம். 1935ஆம் ஆண்டுச் சட்டம் இது. இன்னும் எத்தனை பேர் ஏமாற வேண்டுமோ!

அப்புறம், தரகர் நீட்டிய தாள் எதிலாவது ஏற்கெனவே கையெழுத்து வைத்தீர்களா? வெற்றுத்தாளோ, உங்களுக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவமோ, எதுவானாலும் இந்த வாரமே ஒரு சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். தத்துவம் என்றால், காணி கைமாறுவதற்கு முன் அதை இரத்துச் செய்துவிட முடியும்.