எஃப்.ஐ.ஆர். கசிந்தால் யார் பொறுப்பு?

எஃப்.ஐ.ஆர். பொது ஆவணம்தானே? அது வெளியே வந்தால் ஏன் 'கசிவு' என்கிறோம்? (வாசகர், தஞ்சாவூர்)

பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.கள் அப்படித்தான். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு அதே உத்தரவு விலக்குக் கொடுத்தது. 2018-ல் இன்னும் கறாராக, பாலியல் வன்கொடுமை எஃப்.ஐ.ஆர்.களைப் பொதுவெளியில் வைக்கவே கூடாது என்றது. ஆக, ஏற்றுவதும் சட்டம், பூட்டுவதும் சட்டம்.

2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். பரவியதே, அரசு என்னதான் செய்தது? (வாசகி, மதுரை)

முதலில் ஒரு விளக்கம் வந்தது. பழைய குற்றவியல் சட்டமான ஐ.பி.சி.யிலிருந்து புதிய சட்டமான பி.என்.எஸ்.ஸுக்கு மாறியதில், கணினியில் ஆவணத்தைப் பூட்டத் தாமதமாகிவிட்டதாம். இருக்கலாம். ஆனால் பி.என்.எஸ். அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1-ல். ஆறு மாதம் ஆகப்போகிற நேரத்தில் இதைச் சொன்னால் எப்படி?

டிசம்பர் 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும், அதைத் தவறு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. இந்த 'வசூலித்துக்கொள்ளலாம்' முக்கியம். இல்லாவிட்டால் யாரோ செய்த தவறுக்கு நம் வரிப்பணம் போகும், செய்தவர் நாற்காலியிலேயே இருப்பார். அந்த உத்தரவில் சென்னை காவல் ஆணையரைப் பற்றி இருந்த கருத்துகளுக்கு அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்தல். கசிவை விசாரிக்கிறோம் என்று பத்திரிகையாளர்களின் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. கதவைத் திறந்து போட்டவரை விட்டுவிட்டு, எட்டிப் பார்த்தவரின் சட்டைப்பையைத் துழாவுவது என்ன விசாரணை? மூல வழக்கிலோ 2025 ஜூனிலேயே குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை வந்துவிட்டது.

குரூப்பில் வந்த அந்த எஃப்.ஐ.ஆரை ஃபார்வர்டு செய்துவிட்டேன். பெயரை மறைத்துத்தான் அனுப்பினேன். சிக்கல் வருமா? (வாசகர், கோவை)

வரலாம். பி.என்.எஸ். 72-வது பிரிவு பெயரை மட்டும் பார்ப்பதில்லை. ஊர், படிப்பு, அப்பா பெயர் என்று ஆளை அடையாளம் காட்டும் எதை வெளியிட்டாலும் இரண்டாண்டு வரை சிறை, அபராதம். உடனே அழியுங்கள், குரூப்பிலும் அழிக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இப்படி நடந்தால்? (வாசகர், திருச்சி)

வட அயர்லாந்தில் 2023 ஆகஸ்ட் 8-ல் நடந்தது. தகவல் கேட்டு வந்த மனுவுக்குப் பதிலாக அனுப்பிய எக்செல் கோப்பில், ஒளிந்திருந்த ஒரு தாளில் 9,483 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப் பெயர், பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. சில மணி நேரம் இணையத்தில் கிடந்தது. போலீஸ்காரர் என்பதை அக்கம்பக்கத்துக்கே சொல்லாமல் வாழ்கிறவர்கள் இருக்கும் ஊர் அது. அன்றைக்கே தவறை ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள், வேறு சர்ச்சைகளும் சேர்ந்துகொள்ள, தலைமைக் காவலதிகாரி பதவி விலகினார். 2024-ல் காவல்துறைக்கே ஏழரை லட்சம் பவுண்டு அபராதம். நம்மூரில் காவல்துறைக்கு அபராதம் போட்டதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

என் புகார் இணையத்தில் வராமல் இருக்க என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

புகாரிலேயே 'இணையத்தில் ஏற்ற வேண்டாம்' என்று ஒரு வரி எழுதுங்கள். 2016 உத்தரவின்படி அதை முடிவு செய்ய வேண்டியவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. ஸ்டேஷனில் 'சிஸ்டம் தானாகப் பார்த்துக்கொள்ளும்' என்றால் நம்பிவிடாதீர்கள். இணையத்தில் ஏறாவிட்டாலும் உங்கள் நகலை இலவசமாகத் தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். மறுநாள் எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டு இணையதளத்தில் தேடிப் பாருங்கள். திறந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரத்தோடு எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்துமூலம் கொடுங்கள்.