அம்மாவின் ரிப்போர்ட்டில் ஏன் இத்தனை 'ஆர்'?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 70 வயது, மறுபடியும் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'ஈ. கோலை, இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று போட்டு, பாதி மருந்துகளுக்கு மேல் 'ஆர்' என்றிருக்கிறது. அம்மா உடம்பு ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகிவிட்டதா? போன தடவை பலன் தந்த செஃபிக்ஸிம் மாத்திரையையே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். பழகியது அம்மாவின் உடம்பு அல்ல, கிருமி. கல்ச்சர் என்பது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது மசியும் என்று பார்க்கும் சோதனை. 'ஆர்' என்றால் அந்த மருந்துக்கு இந்தக் கிருமி மசியாது, 'எஸ்' என்றால் மசியும் என்று அர்த்தம்.

இ.எஸ்.பி.எல். என்பது கிருமி தயாரிக்கும் நொதி (என்ஸைம்). செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளின் வீரியமெல்லாம் பீட்டா லாக்டம் என்ற சின்ன வளையத்தில் இருக்கிறது. நொதி அதை அறுத்துவிடும். இதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட, ஆய்வகத்தில் நைட்ரோசெஃபின் என்ற மஞ்சள் கரைசலை எடுப்போம். இந்த வகை நொதியுள்ள கிருமியை அதில் கலந்தால், வளையம் அறுபட அறுபட மஞ்சள் சிவப்பாக மாறும். அம்மா விழுங்கும் செஃபிக்ஸிமுக்கும் அதே கதிதான்.

போன தடவை பலன் தந்த மருந்து இப்போது ஏன் பலிக்காது? சிறுநீர்த் தொற்றைத் தரும் ஈ. கோலை பெரும்பாலும் நம் குடலிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போதும் குடலில் எளிதில் சாகும் கிருமிகள் செத்து, நொதியுள்ளவை மிஞ்சிப் பெருகுகின்றன. அந்த நொதிக்கான மரபணுவும் பிளாஸ்மிட் எனும் டி.என்.ஏ. வளையம் வழியே பக்கத்துக் கிருமிக்குப் போய்ச் சேரும். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் அசித்ரோமைசின் வாங்கிப் போடும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

டாக்டர் மெரோபெனம் போன்ற ஊசி சொன்னால், வாயால் சாப்பிடும் மருந்து ஏதாவது 'எஸ்' என்று இருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள். தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றிருந்தால் நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் பல சமயம் போதும். நைட்ரோஃபுரான்டாயினுக்குச் சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்ய வேண்டும். அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். ஆனால் குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, திடீர்க் குழப்பம் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; அங்கே ஊசி தேவைப்படலாம். அந்த ஊசியையும் உடைக்கும் என்.டி.எம்.-1 நொதியின் மரபணு, 2011-இல் வெளியான ஆய்வில் டெல்லியின் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டில் இருந்தது. அதனால்தான் தேவையில்லாமல் மெரோபெனம் போன்ற ஊசியைத் தொடக்கூடாது என்கிறேன்.

ரிப்போர்ட்டில் மருந்துக்குப் பக்கத்தில் இருக்கும் எம்.ஐ.சி. எண்களை (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். சின்ன எண் உள்ள மருந்துதான் வீரியமானது என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு.

இன்னொன்று: எரிச்சல், காய்ச்சல் எதுவுமே இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி தெரிந்தால், இந்த வயதில் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். பழைய ரிப்போர்ட்டுகளையும், கடந்த மூன்று மாதங்களில் அம்மா சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் பட்டைகளையும் ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். நான் உயிர்வேதியியல்காரன், எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.