கினிப்பன்றிகள் கடிபடாமல் ஒன்றாயிருக்க

வாசகர் கேள்வி – பதில்

*கோப்பாயிலிருந்து ஒரு வாசகி: இரண்டு வருடமாக ஒரு பெட்டைக் கினிப்பன்றி எங்களிடம் தனியாக இருக்கிறது. போன கிழமை அதற்குத் துணையாக இரண்டு மாதப் பெட்டைக் குட்டி ஒன்று வாங்கினோம். கூட்டுக்குள் விட்டவுடன் பழையது உறுமிக்கொண்டு துரத்துகிறது, மேலே ஏறுகிறது. குட்டி கத்துகிறது. பயந்துபோய்ப் பிரித்துவிட்டோம். இதுவரை மூன்று தரம் இப்படியே நடந்தது. இரண்டும் சேரவே சேராதா?*

சேரும். பெரிய பெட்டையோடு சின்னப் பெட்டைக் குட்டியைச் சேர்ப்பதுதான் இருப்பதில் இலகுவான சேர்க்கை. துரத்துவது, உறுமுவது, மேலே ஏறுவது எல்லாம் யார் பெரியவர் என்று தீர்மானிக்கும் பேச்சு. அது முடிவதற்குள் நீங்கள் பிரித்துவிட்டால், அடுத்த தரம் முதலிலிருந்தே தொடங்கும். மூன்று தரம் பிரித்ததில் குட்டிக்கும் பயம் கூடியிருக்கும். இரத்தம் வராதவரை கையை உள்ளே விடாமல் பார்த்திருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

இன்னொரு தவறு, பழையது இரண்டு வருடம் ஆண்ட கூட்டுக்குள் குட்டியை விட்டது. தன் மணம் ஊறிய இடத்துக்குள் யார் வந்தாலும் அது விரட்டத்தான் செய்யும்.

முதலில் குட்டியை வேறு அறையில் இரண்டு மூன்று கிழமை வையுங்கள். சொறி, வட்ட வட்டமாக முடி கொட்டுதல், தும்மல், கண் ஓரத்தில் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உடம்போடு உடம்பு பட்டுவிட்டதால் பழையதையும் அதேபோலக் கவனியுங்கள். சொறிப்பூச்சி இருந்தால் மிருக வைத்தியர் நிறை பார்த்து மருந்து தருவார், நீங்களாக எதுவும் பூச வேண்டாம். சாப்பாடு போடும்போது பழையதைப் பார்த்துவிட்டுத்தான் புதியதிடம் போக வேண்டும், பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

சேர்க்கும் நாள், நீங்கள் முழு நாளும் வீட்டில் நிற்கும் நாளாக இருக்கட்டும். வெயில் ஏறுமுன் காலையிலேயே தொடங்குங்கள். இரண்டும் இதுவரை நடமாடாத இடம் வேண்டும். விறாந்தையில் ஐந்தடிக்கு ஐந்தடி மறித்து, கால் வழுக்காமல் பழைய பெட்சீற்றை விரித்தால் போதும். நடுவில் ஒரு கடகம் நிறையப் புல்லைக் கொட்டுங்கள். இரண்டும் சேர்ந்து தின்றாலும் முடியாத அளவு இருந்தால்தான் ஒன்று காவல் நின்று மற்றதை விரட்டாது. நறுக்கிய கறிமிளகாய், வெள்ளரிக்காயை நாலு மூலைகளிலும் போடுங்கள். தண்ணீர்ப் போத்தல் இரண்டு வையுங்கள். ஒளிப்பிடம் வைப்பதென்றால் இரண்டு வாசல் உள்ளதாக இருக்க வேண்டும். ஒற்றை வாசல் பெட்டிக்குள் ஒதுங்கிய குட்டியை மற்றது வாசலில் மறித்துக் கடிக்கும். பெரும்பாலான காயங்கள் இப்படித்தான் வருகின்றன. பழைய கடகத்தைக் கவிழ்த்து, எதிரெதிரே நாலு அங்குல அகலத்தில் இரண்டு வாசல் வெட்டினால் நல்ல ஒளிப்பிடம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டு, பக்கத்தில் இருந்து பாருங்கள். குறைந்தது மூன்று நாலு மணித்தியாலம் எடுக்கும். ஒன்றின் அருகே மற்றது புல் தின்பது, கால் நீட்டிப் படுப்பது, உடம்பை நக்கித் துடைப்பது எல்லாம் நல்ல குறி. இதற்கிடையில் வீட்டில் இன்னொருவர் பழைய கூட்டை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து கழுவி, காயவைத்து, புது விரிப்புப் போட்டு, சட்டிகளின் இடத்தை மாற்றி வைக்கட்டும். பிறகு இரண்டையும் ஒன்றாகவே அதற்குள் விடுங்கள். கூட்டுக்குள் போனதும் இன்னொரு தரம் துரத்தல் நடக்கும். இரவுக்கு மட்டும் பிரித்து வைப்போம் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் அடங்க இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு கிழமையும் ஆகலாம்.

சேர்க்குமுன் இரண்டையும் ஒன்றாகக் குளிப்பாட்டச் சொல்வோரும் உண்டு. நாங்கள் அதை விரும்புவதில்லை. பயந்து, நனைந்து, குளிர்ந்து நிற்கும் மிருகத்துக்கு அந்த வேளையில் அறிமுகம் தேவையில்லை.

*சுன்னாகம் வாசகர்: எது விளையாட்டு, எது உண்மையான சண்டை என்று எப்படித் தெரியும்? பிரிக்கப்போய் என் விரலில் கடி வாங்கினேன்.*

தொண்டைக்குள் உறுமியபடி பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடத்தல், பின்பக்கம் மோத்தல், மேலே ஏறுதல், மூக்கை மேலே தூக்கி யார் உயரம் என்று பார்த்தல், வாயால் முடியைச் சற்றுப் பிடுங்குதல் எல்லாம் வழமையானவை. விட்டுவிடலாம். துரத்தப்படுவது கீச்சென்று கத்துவதும் பெரும்பாலும் "எனக்குத் தெரியும், நீதான் பெரிசு" என்று சொல்வதுதான்.

பற்களை நறநறவென்று விடாமல் கடிப்பது, கழுத்து முடி சிலிர்த்து நிற்பது, வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டுவது என்றால் பக்கத்தில் தயாராக நில்லுங்கள். முகத்துக்கு நேரே பாய்வதும், இரண்டும் கட்டிப்பிடித்துப் பந்துபோல் உருள்வதும், இரத்தமும் சண்டை. உடனே பிரிக்க வேண்டும்.

வெறுங்கையை இடையில் விடாதீர்கள். தடித்த துவாயை மேலே போட்டு, இடையே மட்டைத் துண்டொன்றைச் செருகி, துவாயோடு ஒன்றைத் தூக்குங்கள். இரத்தம் வரும்படி கடிபட்ட சோடியை மீண்டும் அடைக்க வேண்டாம். நடுவில் கம்பி வலை போட்டுப் பக்கத்துப் பக்கத்துக் கூட்டில் வைத்தால், தொடாமலே துணையாயிருக்கும்.

காயத்தை உப்புநீரால் கழுவி, சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, தினமும் தடவிப் பாருங்கள். சில நாள் கழித்துத் தோலுக்கடியில் சீழ்க்கட்டி வரலாம். ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: வீட்டிலுள்ள அமொக்சிசிலின் குளிசையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி, மிருகமே செத்துப்போகும்.

*மானிப்பாய் வாசகர்: ஒரே ஈற்றில் பிறந்த மூன்று கடுவன்கள். குட்டியில் ஒன்றின்மேல் ஒன்று படுத்துறங்கியவை, ஐந்து மாதமானதும் காது கிழியக் கடிபடுகின்றன. கூடு மூன்றடிக்கு இரண்டடி. பக்கத்தில் பெட்டைகளின் கூடும் உண்டு.*

மூன்று காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. கடுவன்களுக்கு மூன்று மாதம் தொடங்கி ஒரு வயது தாண்டும்வரை இளவட்டக் காலம். கூடப் பிறந்தவை என்ற பாசம் அப்போது செல்லாது. இரண்டு கடுவன்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும், மூன்றாவது வந்தால் எப்போதும் ஒன்று ஒதுக்கப்படும். பெட்டையின் மணம் காற்றில் வந்தால் நல்ல சோடியும் குழம்பும்.

எந்த இரண்டு அருகருகே படுக்கின்றன என்று பார்த்து அவற்றைச் சோடியாக்குங்கள். மூன்றாவதைத் தனிக் கூட்டில், வலைக்கு அப்பால் பார்க்கும்படி வையுங்கள். பெட்டைகளை வேறு அறைக்கு, அல்லது காற்றுப் போகும் திசைக்கு மாற்றுங்கள். இரண்டு கடுவனுக்குக் குறைந்தது பத்துச் சதுர அடி வேண்டும், அதாவது ஐந்தடிக்கு இரண்டடி. உங்களுடையது ஆறு சதுர அடிதான். பெட்டைகளென்றால் இரண்டுக்கு ஏழரை, மூன்றுக்குப் பத்தரை, நாலுக்குப் பதின்மூன்று சதுர அடி. இது தரையின் அளவு. மாடி கட்டி உயர்த்திய இடத்தை இதில் சேர்க்கக் கூடாது. தரை கம்பி வலையாக இருந்தால் பாதம் புண்ணாகும், பலகையோ சீமெந்தோ போட்டு விரிப்புப் போடுங்கள். சட்டி, போத்தல், ஒளிப்பிடம் ஒவ்வொன்றும் தலைக்கு ஒன்று. அதற்கு மேலும் ஒன்று கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

*சாவகச்சேரி வாசகி: "இரண்டும் பெட்டை" என்று கடையில் தந்தார்கள். இப்போது ஒன்று மூன்று குட்டி போட்டிருக்கிறது!*

கடுவனை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். குட்டி போட்ட சில மணித்தியாலத்துக்குள்ளேயே தாய் மீண்டும் சினைப்படும். ஏற்கெனவே பட்டிருந்தால் 59 தொடக்கம் 72 நாளில் அடுத்த ஈற்று வரும்.

பால் பார்ப்பது இப்படி: நெஞ்சையும் பின்பக்கத்தையும் தாங்கிப் பிடித்து, பிறப்புறுப்புக்குச் சற்று மேலே அடிவயிற்றை விரலால் மெல்ல அழுத்துங்கள். கடுவனென்றால் குச்சிபோல் உறுப்பு வெளியே வரும். பெட்டைக்கு ஆங்கில வை எழுத்துப்போலப் பிளவு தெரியும். கடுவன் குட்டிகளை 21ஆம் நாளில் தாயிடமிருந்து பிரித்துத் தகப்பனோடு விடலாம். பெரிய கடுவனும் சின்னக் கடுவனும் நன்றாகச் சேரும். பெட்டைக் குட்டிகள் தாயோடு இருக்கட்டும்.

கடுவனைப் பெட்டைகளோடு வைக்கத்தான் விருப்பமென்றால் விதை நீக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் ஆறு கிழமை தள்ளியே வையுங்கள். விதை நீக்கிய ஒரு கடுவனும் இரண்டு மூன்று பெட்டைகளும் உள்ள கூட்டமே மிகவும் அமைதியானது. ஏழெட்டு மாதம் தாண்டியும் குட்டி போடாத பெட்டையைச் சினைப்பட விடாதீர்கள். அதற்குள் இடுப்பெலும்பு இறுகிவிடும், குட்டி சிக்கித் தாயும் சாகலாம்.

*பருத்தித்துறை வாசகர்: முயலோடு ஒரே கூட்டில் விடலாமா?*

வேண்டாம். முயலின் ஒரு உதை கினிப்பன்றியின் எலும்பை முறிக்கும். முயல் நோயில்லாமலே சுமக்கும் போடெற்றெல்லா கிருமி கினிப்பன்றிக்கு நியுமோனியாவைக் கொடுக்கும். சாப்பாடும் வேறு. முயல் தன் உடம்பிலேயே விற்றமின் சி தயாரிக்கும், கினிப்பன்றியால் முடியாது.

*நல்லூர் வாசகி: ஒரு வருடம் சண்டையில்லாமல் இருந்த மூன்று பெட்டைகள் சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து கடிபடுகின்றன. மூத்ததற்கு மூன்று வயது, இரண்டு விலாவிலும் முடி கொட்டுகிறது.*

மூத்ததை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வயதான பெட்டையில் இருபக்க விலாவும் ஒரேமாதிரி மொட்டையாவதும், குணம் மாறிச் சீறுவதும் சூலகக் கட்டியின் அடையாளம். பெட்டைகள் ஏறத்தாழ 16 நாளுக்கொருக்கால் ஒரு நாள் உறுமி, மற்றவற்றின் மேல் ஏறும். அது மறுநாள் தணிந்துவிடும். நாள்தோறும் தொடர்ந்தால்தான் நோயை நினைக்க வேண்டும்.

வெயிலும் ஒரு காரணம்தான். இவை ஆதியில் அந்தீஸ் மலையின் குளிரில் வாழ்ந்தவை. 27 பாகைக்கு மேல் போனாலே வெப்பம் தாங்காது. நிழலில் ஒரேயொரு குளிர்ந்த மூலை இருந்தால் மூன்றும் அதற்காகவே கடிபடும். தகரக் கூரைக்குக் கீழ் வைத்திருந்தால் கூட்டை உடனே மாற்றுங்கள். மண்சட்டியைப் படுக்கவைத்து மேலே ஈரச் சாக்குப் போடுங்கள். தண்ணீரை உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றி ஆளுக்கொன்று வையுங்கள். சோளகக் காற்று வரும் பக்கத்தைத் திறந்து விடுங்கள்.

விற்றமின் சி குறைந்தாலும் மூட்டு நொந்து, மற்றது முட்டினாலே சீறும். நாளொன்றுக்கு ஒரு கிலோ நிறைக்கு 10 தொடக்கம் 30 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருப்பதால், ஆளுக்குக் கட்டைவிரல் நுனியளவு துண்டு போதும். இனிப்பு என்பதால் அதற்கு மேல் வேண்டாம், மற்ற நாட்களில் கறிமிளகாய் கொடுங்கள். வயிறு நிறைவது அறுகம்புல்லாலும் கினிப்புல்லாலும்தான். புல் குறைந்தால் ஒன்றின் முடியை ஒன்று மெல்லத் தொடங்கும்.

கிழமைக்கொரு தரம் குசினித் தராசில் மூன்றையும் நிறுத்து எழுதி வையுங்கள். ஒன்று மட்டும் மெலிந்துகொண்டு போனால் மற்றவை அதைத் தின்ன விடவில்லை, அல்லது அதற்கு வருத்தம். அரை நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் மறுநாள்வரை பார்த்திருக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.