கருநீலத் துணியில் கறுப்பு நூல்: தையல் மேஜை வெளிச்சம் பற்றிய கேள்விகள்

கேள்வி: கட்பீஸ் துணிகளை ஒட்டித் தைத்து, நடுவே பஞ்சு வைத்து, மெத்தை விரிப்பும் குழந்தைப் போர்வையும் வீட்டிலேயே தயாரித்து விற்கிறேன். அறையில் இருப்பது சுவரில் மாட்டிய ஒரே ஒரு டியூப்லைட். குனிந்தால் என் தலையின் நிழலே துணி மீது விழுகிறது. இரவில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிகின்றன. தையலுக்கென்றே இணையத்தில் விற்கும் ஒரு மேஜை விளக்கின் விலை 4,800 ரூபாய். வீட்டுக்காரரோ மரச்சட்டம் அடித்து, டியூப்லைட்டுகளைக் கட்டி, மேஜைக்கு மேலே தொங்கவிடலாம் என்கிறார். எது சரி? (வாசகி, கரூர்)

பதில்: வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். மேஜை விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு பக்கத்திலிருந்துதான் அடிக்கும். உங்கள் கையே மறுபக்கம் நிழலாக விழும். ஒரு சட்டை தைப்பவருக்கு ஊசியைச் சுற்றி ஒரு சாண் வெளிச்சம் போதும். போர்வை தைப்பவருக்குப் போதாது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் சேர்ந்து மேஜை முழுக்க விரிந்து கிடக்க, எங்கே சுருக்கம் விழுகிறது, எங்கே அடித்துணி மடங்கிக்கொண்டது என்று கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேலிருந்து பரவலாக விழும் வெளிச்சம்தான் வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. விளக்கு மொத்தமாகத் தரும் வெளிச்சத்துக்கு லூமன் என்று பெயர்; அது பெட்டியில் அச்சாகியிருக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழுவது லக்ஸ். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ஐரோப்பியத் தரநிலை தையல் வேலைக்கு 750 லக்ஸும், துணியின் நிறம் சரிபார்க்கும் வேலைக்கு 1000 லக்ஸும் கேட்கிறது. நான்கு அடி, 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று ஏறக்குறைய 2000 லூமன் தரும். பத்தடி உயரக் கூரையில் அதை மாட்டினால், நேர் கீழே மேஜை மீது விழுவது சுமார் 120 லக்ஸ்தான். சுவரில் மாட்டியிருந்தால் அதைவிடக் குறைவு. அதே டியூப்பை மேஜையிலிருந்து நான்கடி உயரத்துக்கு இறக்கினால் 380 லக்ஸ் வரை கிடைக்கும். மின்சாரம் அதேதான், விளக்கும் அதேதான். இறக்கியதற்கே மூன்று மடங்கு.

இனி சட்டம். இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குல ரீப்பர் கட்டையில், நான்கரை அடி நீளமும் மூன்றடி அகலமுமாக ஒரு செவ்வகம் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் திசையில் அதன் நீளம் ஓட வேண்டும். நீளப் பக்கங்கள் இரண்டிலும் நான்கடி டியூப் ஒவ்வொன்று, எதிரே உள்ள குறுக்குக் கட்டையில் இரண்டடி, 10 வாட் டியூப் ஒன்று. உங்கள் தலை இரண்டு நீள டியூப்களுக்கும் நடுவே வரும். இடப்பக்க விளக்கு போடும் நிழலை வலப்பக்க விளக்கு அழித்துவிடும். எதிரே இருக்கும் சின்ன விளக்கு, ஊசிக்குப் பின்னால் மிஷினின் தலை போடும் நிழலைக் கலைக்கும். மேஜையிலிருந்து நான்கடி, அதாவது தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் தொங்கினால் கணக்குப்படி நடுமேஜையில் 700 லக்ஸ் கிடைக்கும். வெள்ளைச் சுவரும் அறையின் பழைய டியூப்பும் கைகொடுத்தால் 750-ஐத் தாண்டும். சுண்ணாம்பு அடித்து நாளாகியிருந்தால் மேஜையருகே இருக்கும் ஒரு சுவருக்காவது வெள்ளை அடியுங்கள். அதைவிட மலிவான விளக்கு கிடையாது.

தொங்கவிடுவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஃபேன் கொக்கியில் கட்டாதீர்கள். ஃபேனின் அதிர்வு சட்டத்துக்கு வரும். கான்கிரீட் கூரையில் துளை போட்டு பிளாஸ்டிக் பிளக்கை அடித்து, அதில் கொக்கி திருகுவதும் வேண்டாம். சுவரில் நிற்கும் அந்தப் பிளக், தலைகீழாக எடை இழுக்கும்போது நாளடைவில் நழுவும். இரும்பு ஆங்கர் போல்ட் நான்கு போடச் சொல்லுங்கள். சட்டமும் டியூப்களும் சேர்ந்து ஐந்து கிலோ அளவில்தான் வரும் என்றாலும், அதன் கீழே உட்காரப்போவது நீங்கள். நான்கு மூலைக்கும் நான்கு சங்கிலி. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கண்ணியை மாற்றி மாட்டினால் போதும். ஃபேன் காற்றில் ஊசலாடாதிருக்க, சங்கிலிகள் சற்று வெளிப்பக்கமாகச் சாய்ந்து கூரைக்குப் போகட்டும். சட்டம் ஃபேன் இறக்கைகளுக்கு நேர் கீழே வராமல் மேஜையை நகர்த்துங்கள். விளக்கு ஃபேனுக்கு மேலே இருந்தால் இன்னும் மோசம்: இறக்கையின் நிழல் துணி மீது ஓடிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடத்தில் கண் வலிக்கும்.

நிறம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட இடம். ஒருமுறை இரவில் கருநீலப் பட்டைக்குக் கறுப்பு நூலைக் கோத்துவிட்டேன். காலையில் வாசலில் விரித்துப் பார்த்தபோது ஒவ்வொரு தையலும் எறும்பு வரிசைபோலத் தெரிந்தது. பிரிக்க ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் நின்றுவிட்டன. பிழை கண்ணில் இல்லை, வெளிச்சத்தில்தான் இருந்தது.

டியூப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது, வெயிலுக்கு 100. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 80. நிறம் சேர்ப்பதே பிழைப்பு என்பதால், உங்கள் இரண்டு பெரிய டியூப்களையும் 90-க்கு மேல் வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். அங்கே கையைச் சுருக்காதீர்கள். அடுத்து கே என்ற எழுத்தோடு ஓர் எண்: 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. எதுவும் சொல்லாமல் கேட்டால் கடைக்காரர் 6500-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார். நீங்கள் 4000 என்று கேட்டு வாங்குங்கள். மூன்று டியூப்களும் ஒரே எண்ணாக இருக்கட்டும். கலந்தால் மேஜையின் ஒரு மூலையில் சந்தன நிறமும் மறுமூலையில் சாம்பல் நிறமும் தெரியும்.

இத்தனை செய்தாலும், இரண்டு சிவப்புகள் விளக்கில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரிவதுண்டு. சாயம் வேறாக இருந்தால் அப்படித்தான். வெட்டுவதற்கு முன் பகலில் ஜன்னலோரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வடக்கு ஜன்னல் நல்லது என்பார்கள். நம் ஊரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் மட்டும் ஒரு வெள்ளைத் திரை போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, கைப்பேசிக் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அடர்த்தியாக ஓடினால் விளக்கு துடிக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பில், வேகமாக ஓடும் ஊசி நின்றுபோனதுபோலவோ இரண்டாகவோ தோன்றலாம். விரலுக்கு ஆபத்து. அப்படிப்பட்டதை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவுக் குறியும், அதனுடன் ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும், எல்.இ.டி. விளக்குகளுக்கு அது கட்டாயம். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும்.

மரவேலை வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும், மின்வேலை மட்டும் எலக்ட்ரீஷியனுடையதாக இருக்கட்டும். எர்த்தோடு கூடிய மூன்று கம்பி ஒயர், 1 சதுர மில்லிமீட்டர், தனி சுவிட்ச். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட வேண்டாம். எல்லாம் மூடிய பெட்டிக்குள் கனெக்டரில் இருக்கட்டும். பஞ்சு வேலை செய்யும் அறையில் காற்றெல்லாம் பஞ்சுத் தூள். அது திறந்த இணைப்பில் படிந்து, ஒரு பொறி பட்டால் போதும். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு டியூப்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் இந்தச் சாக்கில் அதையும் போட்டுவிடுங்கள்.

சாதாரண டியூப்கள் என்றால், கட்டை, சங்கிலி, கூலி எல்லாம் சேர்ந்து அந்த மேஜை விளக்கின் விலையில் பாதியளவில் முடியும். மின்செலவும் பயப்படும்படி இல்லை: 50 வாட், நாளைக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட்.

கேள்வி: வாடகை வீடு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. துளை போட உரிமையாளர் விடமாட்டார். நான் என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

பதில்: அவர் விட்டாலும் ஆஸ்பெஸ்டாஸில் துளை போடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது.

தரையில் நிற்கும் சட்டம் செய்யுங்கள். மேஜையின் இரண்டு பக்கமும் ரேக் செய்யும் துளையிட்ட இரும்பு ஆங்கிளில் கால்கள், மேலே குறுக்கே இரண்டு ஆங்கிள்கள், அதன் அடியில் டியூப்கள். வீடு மாறினால் போல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். பி.வி.சி. பைப்பில் செய்தால் மலிவுதான், ஆனால் ஐந்தடி நீளத்தில் நடுவே தொய்ந்துவிடும். கால்களை மேஜையோடு சேர்த்து முடுக்காதீர்கள். மிஷின் ஓடும்போது மேஜை அதிரும், விளக்கும் கூடவே அதிரும். இரும்புச் சட்டம் என்பதால் எர்த் கம்பியைச் சட்டத்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. இங்கே அது உயிரோடு விளையாடுவது.

கேள்வி: இரண்டு வருட உத்தரவாதம் என்று சொல்லி விற்ற டியூப் ஐந்தே மாதத்தில் மினுக்கத் தொடங்கிவிட்டது. அட்டைப்பெட்டி இல்லாமல் மாற்ற முடியாது என்கிறார் கடைக்காரர். ‘நீங்கள் தைத்து விற்பவர், நுகர்வோர் இல்லை’ என்றும் சொல்கிறார். பில் இருக்கிறது. (வாசகி, திருப்பூர்)

பதில்: பில்லைப் பத்திரமாக வைத்திருந்தீர்களே, அதுதான் பலம். இரண்டாவது பேச்சுக்கு முதலில் பதில் சொல்கிறேன். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வீட்டில் உட்கார்ந்து தைக்கும் நீங்கள் நுகர்வோர்தான்.

பெட்டி விஷயத்தில், உத்தரவாத அட்டையில் பெட்டி வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரோடு மல்லுக்கட்டாமல், டியூப்பிலேயே அச்சாகியிருக்கும் மாடல் எண்ணையும் பில்லையும் படமெடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் அனுப்புங்கள். டியூப் மினுக்குவதைச் சில விநாடிகள் வீடியோவாகவும் எடுத்துவையுங்கள். அசையவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஒரு டியூப்புக்காக அதுவரை போக வேண்டுமா என்று தோன்றலாம். எழுத்தில் ஒரு புகார் போனாலே பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: மேலே நல்ல வெளிச்சம் போட்டுவிட்டேன். மிஷினில் இருக்கும் குட்டி பல்பு இன்னும் தேவையா? சூட்டில் கை காய்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: தேவைதான். ஊசிக் காதில் நூல் கோக்கவும், மடிப்பின் பள்ளத்திலேயே தைக்கவும் ஊசியருகே ஒரு துளி வெளிச்சம் வேண்டும். 15 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 1 அல்லது 2 வாட் எல்.இ.டி. பல்பு போடுங்கள், சூடு போய்விடும். சில மிஷின்களில் பல்பின் அடி திருகும் வகை, சிலவற்றில் அழுத்தித் திருப்பும் வகை. பிளக்கை உருவிவிட்டு, பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள்.