வாய்ப் புற்றுநோய்க் கதிர் சிகிச்சையில் ஸ்கேன் எதற்கு? மும்பைத் தமிழர்களின் கேள்விகளுக்கு மருத்துவ இயற்பியலாளரின் பதில்கள்

தாராவி: என் தகப்பனாருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது ‘கரண்ட்’ வைக்கிறார்கள். தினமும் மேசையில் படுக்கவைத்து முதலில் ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். தொடக்கத்தில் எடுத்த சி.டி. போதாதா?

அந்த சி.டி. திட்டமிடுவதற்கானது. அதில்தான் கட்டி இருந்த இடத்தையும், கழுத்தில் நோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களையும், காக்க வேண்டிய உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தண்டுவடத்தையும் மருத்துவர் தனித்தனியே வரைகிறார். சிகிச்சையோ பெரும்பாலும் நாளுக்கு 2 கிரே (கிரே என்பது கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) வீதம் 30 முதல் 33 அமர்வுகள், அதாவது ஆறு வாரமோ அதற்குச் சற்று மேலோ நீள்கிறது. தலை அசையாதபடி பிடிக்கும் முகமூடியைப் போட்டு இறுக்கினாலும் தாடையும் கழுத்தும் நேற்றுக் கிடந்தபடியே இன்றும் கிடப்பதில்லை. ஆகவே, கருவி அவரைச் சுற்றி வந்து எடுக்கும் கோன் பீம் சி.டி. படத்தைத் திட்டப் படத்தோடு பொருத்தி, எலும்புகள் ஒத்துப்போகும்வரை மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திய பிறகே கதிரைச் செலுத்துகிறார்கள். தினமும் இப்படிச் சரிபார்த்தால் கதிர் விழ வேண்டிய இலக்கைச் சுற்றிப் பாதுகாப்புக்காக விடும் விளிம்பை 3 மில்லிமீட்டராகக்கூடக் குறைக்கலாம். இல்லையென்றால் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விட வேண்டியிருக்கும், அந்தக் கூடுதல் விளிம்பு பல நேரங்களில் உமிழ்நீர்ச் சுரப்பியின் மேல்தான் போய் விழும்.

செம்பூர்: அந்த ஸ்கேனாலும் கதிர் ஏறுமே?

ஏறும், ஆனால் ஒரு நாள் சிகிச்சை அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான். இதற்காக ஸ்கேனை மறுப்பது விவேகமல்ல.

மாட்டுங்கா: நான்காம் வாரத்தில் என் அண்ணனுக்கு முகமூடி தொளதொளவென்று ஆகிவிட்டது. புதிதாகத் திட்டம் போட வேண்டும் என்கிறார்கள். முதலில் போட்டது தவறா?

தவறில்லை, உடல்தான் மாறிவிட்டது. வாய்ப்புண்ணால் உணவு இறங்காமல் எடை குறைகிறது; காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியும் சுருங்கி உள்நோக்கி நகர்ந்து, அதிகக் கதிர் விழும் பகுதியை நெருங்குகிறது. சராசரியாக 26 கிரேக்குள் நிறுத்த நினைத்த சுரப்பிக்கு அதைவிடக் கூடுதலாகப் போகலாம். தினசரிப் படம் இதைக் காட்டத்தான் செய்யும். மேசையை நகர்த்தி இதைத் திருத்த முடியாது, புதிய முகமூடியும் புதிய சி.டி.யும் வேண்டும். எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. எடையைக் காப்பதுதான் பாதி வேலை என்பேன்: கஞ்சி, முட்டை, பால் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள், மூக்குக் குழாய் வைக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

முலுண்ட்: என் மனைவிக்கு நாக்கில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. அதற்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. இனிப் பயன்படுமா?

மிகவும் பயன்படும். கட்டியை எடுத்த பிறகு அது எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை அந்தப் படமும், அகற்றிய கட்டியைப் பரிசோதித்துத் தரும் நோய்க்கூறு அறிக்கையுமே சொல்லும். பல்லை அடைத்த உலோகம் சி.டி.யில் கோடு கோடாகப் பாய்ந்து நாக்கை மறைத்துவிடுவதும் உண்டு. ஃபிலிமை மட்டும் கொண்டுவராதீர்கள். குறுந்தகடு இருந்தால்தான் கணினியில் எம்.ஆர்.ஐ.யையும் திட்டமிடும் சி.டி.யையும் பொருத்த முடியும்.

சயான்: மழையில் லோக்கல் ரயில் நின்று ஒரு நாள் விட்டுப்போனால்?

அன்றே துறைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். சிகிச்சை நீள நீள எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருக வாய்ப்புண்டு. எனவே சனிக்கிழமையிலோ, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு அமர்வுகளாகவோ அதை ஈடுகட்டுவார்கள்; இரண்டு அமர்வுக்கும் தனித்தனியே படம் எடுத்துச் சரிபார்ப்பது நல்லது.